காத்திருப்பது எங்கே? கட்டளை வரிசையின் ஆழமும் டிஸ்க் டிரைவரின் வேகமும்

சாம்சங் 970 ஈவோ எஸ்எஸ்டி 2018இல் வெளிவந்தபோது, அதன் 1 டிபி மாடலின் விவரத்தாளில் ஒரே வேலைக்கு இரண்டு எண்கள் இருந்தன. 4 கேபி துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிப்பதுதான் வேலை. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை கொடுத்தால் வினாடிக்கு 15,000 துண்டுகள் வரை படிக்கும். நான்கு த்ரெட்கள், தலைக்கு 32 கட்டளைகளை நிலுவையில் வைத்துக்கொண்டு கேட்டால் 5,00,000 வரை படிக்கும். அதே சிப், அதே ஸ்லாட். மாறியது, பதில் வராமல் நிலுவையில் நிற்கும் கட்டளைகளின் எண்ணிக்கை மட்டும்தான். கணினிக்காரர்கள் இதைக் கியூ டெப்த் என்பார்கள். இந்தக் கட்டுரையில் வரிசை ஆழம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இரண்டாவது எண். வீட்டுக் கணினியும் அலுவலகக் கணினியும் பெரும்பாலான நேரம் முதல் எண்ணின் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு எண்களையும் இணைக்கும் கணக்கு எளிமையானது. வரிசையில் சராசரியாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது, வினாடிக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதையும் ஒருவர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதையும் பெருக்கினால் கிடைக்கும். ஜான் லிட்டில் 1961இல் இதை நிரூபித்தார். 15,000 கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தால் ஒன்றுக்கு 67 மைக்ரோ வினாடி. 128 கட்டளைகள் நிலுவையில் இருக்க வினாடிக்கு 5,00,000 முடிகிறது என்றால் ஒன்றுக்கு 256 மைக்ரோ வினாடி. மொத்த வேலை 33 மடங்கு கூடியது. தனியொரு கட்டளையின் காத்திருப்பும் நான்கு மடங்காக நீண்டது. ஆழத்தைக் கூட்டினால் டிஸ்க் வேகமாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. கட்டளை எங்கே நின்று காத்திருக்க வேண்டும், ஆபரேட்டிங் சிஸ்டத்திலா, கன்ட்ரோலரிலா, டிஸ்குக்குள்ளா என்பதை முடிவு செய்யும் எண்தான் வரிசை ஆழம். அந்த முடிவை எடுத்து நடத்துவது டிரைவர் மென்பொருள். கடந்த முப்பது ஆண்டு அனுபவத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் முரண்போலத் தெரியும் பல முடிவுகள் பொருந்தி வருகின்றன.

சுழலும் வட்டின் காலம்

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி வினாடி. தேடும் இடம் படிக்கும் தலைக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி வினாடி பிடிக்கும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர 8 அல்லது 9 மில்லி வினாடி. ஆக ஒரு படிப்புக்கு 12, 13 மில்லி வினாடி. வினாடிக்கு எண்பதைத் தொட்டால் அதிகம். தபால்காரரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, அவர் போய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிய பிறகு அடுத்ததைக் கொடுத்தால் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். முப்பதையும் ஒன்றாகக் கொடுத்தால் தெருவாரியாக அடுக்கிக்கொண்டு கிளம்புவார். டிஸ்குக்கும் அதே நிலைதான்.

இந்த அடுக்கலை ஆபரேட்டிங் சிஸ்டமே செய்யலாமே என்றால், எலிவேட்டர் என்ற பெயரில் அது நெடுங்காலமாகச் செய்துதான் வந்தது. ஆனால் அதற்குத் தெரிவது பிளாக் எண் மட்டும். இந்த நொடியில் தட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது டிஸ்குக்குத்தான் தெரியும். செல்ட்சர், சென், ஆஸ்டர்ஹவுட் மூவரும் 1990இல் எழுதிய ஆய்வும், ஜேக்கப்சனும் வில்க்ஸும் 1991இல் எழுதியதும், வொர்திங்டன், கேங்கர், பேட் ஆகியோரின் 1994 கட்டுரையும் தலை நகரும் தூரத்தோடு சுழற்சியையும் கணக்கில் எடுத்தால் கிடைக்கும் லாபத்தை எடுத்துக்காட்டின. நிலுவை எவ்வளவு அதிகமோ, பக்கத்தில் இருக்கும் வேலையைப் பொறுக்கி எடுக்க அவ்வளவு வாய்ப்பு. 7,200 சுழற்சி டிஸ்கில் ஆழத்தை 1இலிருந்து 32ஆக்கினால் சிதறிய படிப்புகள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 32 மடங்கு இல்லை, இரண்டு மடங்கு. லிட்டிலின் கணக்குப்படி ஒரு கட்டளையின் சராசரிக் காத்திருப்பு 12 மில்லி வினாடியிலிருந்து 200 மில்லி வினாடிக்கு அருகே போய்விடும். சர்வருக்கு இது லாபமாக இருக்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியில்லை.

இப்படி நிலுவையில் நிற்கும் கட்டளைகளைப் பிரித்தறிய ஸ்கஸி-2 தரத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் 8 பிட் டேக் ஒன்று கட்டப்பட்டது. எனவே 256 வரை அடையாளம் காட்ட முடியும். சாதாரண டேக், முன்வரிசை டேக், ஒழுங்கு மாறாத டேக் என மூன்று வகை. மூன்றாவது வகை வந்தால் அதற்கு முந்தியவை எல்லாம் முடிந்த பிறகே பிந்தியவை தொடங்கும். டிஸ்க் பக்கத்து வேலைகளையே பொறுக்கிக்கொண்டிருந்தால் ஓரத்தில் உள்ள ஒரு கட்டளை கவனிப்பாரற்றுக் கிடக்கும். பழைய ஸ்கஸி டிரைவர்கள் சில இதைத் தடுக்க அவ்வப்போது ஓர் ஒழுங்கு டேகை நடுவில் செருகின. டிஸ்கின் புத்திசாலித்தனத்தை டிரைவர் முழுதாக நம்பவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஒரே ஆழம், வேறு வேறு விலை

டிரைவரின் பங்கைப் புரிந்துகொள்ள மிகத் தெளிவான உதாரணம் ஏடிஏ உலகில் இருக்கிறது. 1998இல் ஏடிஏ-4 தரத்தோடு டிசிக்யூ என்ற வரிசை முறை வந்தது. ஆழம் 32. சில டிஸ்குகளே அதை ஏற்றன, அவற்றிலும் பயன்படுத்தியவர்கள் குறைவு. சில ஆண்டுகள் கழித்து சாட்டாவோடு என்சிக்யூ வந்தது. அதன் ஆழமும் 32தான். ஆனால் இது நிலைத்துவிட்டது.

வேறுபாடு கட்டளை முடியும் விதத்தில் இருந்தது. டிசிக்யூவில் தரவு தயாரானதும் டிஸ்க் ஓர் இன்டரப்ட் எழுப்பும். டிரைவர் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து, எந்த டேகுக்கான பதில் இது என்று ஒரு சர்வீஸ் கட்டளை போட்டுக் கேட்கும். பதில் தெரிந்த பிறகு, தரவை நேராக நினைவகத்துக்கு நகர்த்தும் டிஎம்ஏவை அந்த டேகுக்கு ஏற்ப அமைத்துக் கொடுக்கும். தரவு வந்து சேர்ந்ததும் இன்னோர் இன்டரப்ட். ஒவ்வொரு கட்டளைக்கும் இத்தனை நடை. என்சிக்யூவில் டிஸ்கே டேக் எண்ணைச் சொல்லி டிஎம்ஏவைத் தொடங்கிக்கொள்கிறது. டிரைவர் இடையில் வரத் தேவையில்லை. முடிந்தவற்றைத் தெரிவிக்கும்போதும் பல டேகுகளை ஒரே செய்தியில் சேர்த்துச் சொல்லி ஒரே இன்டரப்டில் முடிக்கலாம். விவரத்தாளில் இரண்டுக்கும் எண் 32 என்றுதான் இருக்கும். ஆழத்தின் பலனை ஒரு கட்டளைக்கு டிரைவர் செலவிடும் நேரம் தின்றுவிடுமா விடாதா என்பதை அந்த எண் சொல்லாது.

என்சிக்யூவுக்கும் குறைகள் உண்டு. வரிசையில் சேரும் கட்டளையும் சேராத கட்டளையும் ஒரே நேரத்தில் டிஸ்கில் இருக்க முடியாது. கேஷை வட்டில் இறக்கச் சொல்லும் ஃப்ளஷ் வந்தால், டிரைவர் 32 கட்டளைகளும் முடியும்வரை காத்திருந்து, ஃப்ளஷை மட்டும் அனுப்பி, பிறகு வரிசையை மீண்டும் நிரப்ப வேண்டும். அடிக்கடி ஃப்ளஷ் கேட்கும் டேட்டாபேஸில் 32 என்ற ஆழம் பெயரளவுக்குத்தான். இனித் தேவைப்படாத இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையிலும் இதே சிக்கல் இருந்தது. 2011இல் வந்த சாட்டா 3.1 வரிசையில் சேரும் டிரிமை அறிமுகப்படுத்தியது. அதைச் சரியாகச் செய்யாத டிஸ்குகளுக்காக லினக்ஸ் டிரைவர் இன்றும் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. இன்னொன்று, பிழை. 32இல் ஒன்று தவறினால் டிஸ்க் மற்ற எல்லாவற்றையும் கைவிட்டுவிடும். எந்த டேக் தவறியது என்று டிரைவர் பதிவேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டு, குற்றமற்ற 31ஐயும் மறுபடி அனுப்ப வேண்டும். சாகத் தொடங்கிய டிஸ்க் ஒன்று முழுக் கணினியையும் அப்படியே நிற்கவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸின் ஏடிஏ டிரைவர் அடுக்கான லிப்ஏடிஏ 2006இல், 2.6.18 பதிப்பில், என்சிக்யூவை ஏற்றது. ஒரு டேகைத் தன் உள்வேலைக்கு ஒதுக்கிக்கொண்டதால் பல ஆண்டுகள் அது 31 ஆழத்தில்தான் ஓடியது. அந்த ஒன்று குறைந்ததால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

சங்கிலியில் சின்ன எண்

செயலி அனுப்பும் ஒரு கட்டளை டிஸ்கை அடைய ஐந்தாறு வரிசைகளைத் தாண்ட வேண்டும். கெர்னலின் பிளாக் அடுக்கில் ஒன்று, ஒவ்வொரு டிஸ்குக்கும் டிரைவர் வைக்கும் ஒன்று, கன்ட்ரோலர் கார்டுக்கு மொத்தமாக ஒன்று, ஸ்டோரேஜ் பெட்டியின் போர்ட்டில் ஒன்று, கடைசியாக டிஸ்குக்குள். இவற்றில் மிகச் சிறிய எண்தான் மற்றவற்றின் தலையெழுத்தை எழுதும்.

2014 மார்ச்சில் விஎம்வேர், சர்வர்களில் உள்ள உள்ளூர் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாகக் காட்டும் விர்ச்சுவல் சானை வெளியிட்டது. தொடக்கத்தில் அதன் அங்கீகாரப் பட்டியலில் டெல் பெர்க் எச்310 என்ற விலை குறைந்த கன்ட்ரோலரும் இருந்தது. அதற்குள் இருந்தது எல்எஸ்ஐயின் எஸ்ஏஎஸ்2008 சிப். டெல்லின் ஃபர்ம்வேரோடு அது காட்டிய ஆழம் 25. அதே சிப்பை எல்எஸ்ஐயின் சொந்த ஃபர்ம்வேரோடு ஓட்டினால் 600. வன்பொருளில் மாற்றம் எதுவும் இல்லை, ஃபர்ம்வேர் எழுதியவர் வைத்த வரம்பில் 24 மடங்கு வேறுபாடு.

சாதாரண நாளில் 25 போதும். ஒரு எஸ்எஸ்டி, ஆறு ஹார்ட் டிஸ்குகள், தலைக்கு மூன்று நான்கு கட்டளைகள் என்று ஓடிவிடும். சர்வர் ஒன்று விழுந்து, அதன் தரவை மற்றவை திரும்பக் கட்டத் தொடங்கும்போதுதான் சோதனை. கட்டும் வேலையின் படிப்பும் எழுத்தும் அந்த 25 இடங்களைப் பிடித்துக்கொண்டால், மெய்நிகர் கணினிகளின் கட்டளைகள் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்தக் கன்ட்ரோலரை நம்பிய ஒரு நிறுவனத்தில் மறுகட்டுமானம் நடந்தபோது மெய்நிகர் கணினிகள் செயலிழந்து நின்ற அனுபவம் அந்த ஆண்டு வெளிவந்தது. விஎம்வேர் 256க்குக் குறைந்த ஆழமுள்ள கன்ட்ரோலர்களை 2014ஆம் ஆண்டுக்குள்ளேயே பட்டியலிலிருந்து நீக்கியது.

இப்படி ஒரு நெரிசலைத் திரையில் எப்படி அடையாளம் காண்பது? விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்டாப் கருவியைத் திறந்து ‘டி’ அழுத்தினால் கன்ட்ரோலரின் மொத்த ஆழம் ஏக்யூலென் என்ற பத்தியில் தெரியும். ‘யூ’ அழுத்தினால் ஒவ்வொரு டிஸ்குக்கும் இப்போது உள்ளே இருக்கும் கட்டளைகள் ஒரு பத்தியிலும், வெளியே காத்திருப்பவை இன்னொரு பத்தியிலும் வரும். அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு தாமதங்கள்: டிஸ்க் தரப்பில் ஆனது டிஏவிஜி, கெர்னலுக்குள் ஆனது கேஏவிஜி. உள்ளே இருப்பவற்றின் கூட்டுத்தொகை உச்சவரம்பில் அசையாமல் நின்று, வெளியே இருப்பவை ஏறிக்கொண்டே போய், டிஏவிஜி சிறிதாகவும் கேஏவிஜி பெரிதாகவும் இருந்தால் டிஸ்க் நலமாகத்தான் இருக்கிறது, நடுவில் யாரோ கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். டிஏவிஜியே பெரிதாக இருந்தால் ஆழத்தைக் கூட்டுவது எரியும் நெருப்பில் எண்ணெய். இந்த இரண்டு நிலைகளையும் பிரித்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் பழக்கம் நிர்வாகிகளிடம் இன்னும் போகவில்லை.

விண்டோஸில் இதே பாடம் முன்பே நடந்தது. ஸ்கஸிபோர்ட் என்ற பழைய டிரைவர் அமைப்பில் கார்டு முழுவதற்கும் 254 கட்டளைகள்தான். விண்டோஸ் சர்வர் 2003இல் வந்த ஸ்டோர்போர்ட் அந்த 254ஐ ஒவ்வொரு தருக்க டிஸ்குக்கும் கொடுத்தது. ரெய்டு கார்டுகளில் கணக்கு இன்னும் எளிதில் தவறும். 12 டிஸ்குகளைக் கட்டி ஒரே டிஸ்காகக் காட்டும்போது, ஆபரேட்டிங் சிஸ்டம் அதற்கு 32 ஆழம் வைத்தால் ஒரு டிஸ்குக்கு மூன்று கட்டளைகள்கூடத் தேறாது.

வரிசை நிரம்பும்போது

பல சர்வர்கள் பகிரும் ஸ்டோரேஜில் சிக்கல் தலைகீழாகிறது. அங்கே ஒவ்வொருவரும் தனக்கு 64 வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போர்ட் நிரம்பி, டாஸ்க் செட் ஃபுல் என்ற பதில் வரும். இது பிழையில்லை, பிறகு வா என்ற செய்தி. டிரைவர் இதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் தரம் தெரியும். உடனே மறுபடி அனுப்பினால் நெரிசல் கூடும். லினக்ஸ் ஸ்கஸி அடுக்கில் இதற்கு நிதானமான ஓர் ஏற்பாடு இருக்கிறது: ஒரே ஆழத்தில் பத்துக்கும் மேற்பட்ட முறை வரிசை நிரம்பினால்தான் அந்த ஆழத்தை நிரந்தர வரம்பாகக் கொள்ள டிரைவருக்குப் பரிந்துரைக்கும், மீண்டும் மெல்ல ஏற்ற வழிசெய்யும் டிரைவர்களில் அதற்கான இடைவெளி இயல்பாக 120 வினாடி. இணைய நெரிசலில் டிசிபி நடந்துகொள்வதை இது நினைவூட்டலாம். அஜய் குலாட்டி, இர்ஃபான் அகமது, கார்ல் வால்ட்ஸ்பர்கர் மூவரும் 2009இல் எழுதிய பார்டா ஆய்வு அதை வெளிப்படையாகவே கையாண்டது. ஸ்டோரேஜின் தாமதத்தை அளந்து, அது கூடினால் ஒவ்வொரு சர்வரும் தன் வரிசை நீளத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் அந்த நீளத்திலேயே அடங்கிவிடும். இந்தத் துறையில் வந்த அழகான யோசனைகளில் ஒன்று அது என்பது என் கணிப்பு.

அளவுக்கு மீறிய ஆழத்தின் கேடு எளிதில் கண்ணில் படாது. டிஸ்கிடம் ஒப்படைத்த கட்டளையைத் திரும்பப் பிடுங்கி முன்னுரிமை மாற்ற நடைமுறையில் வழியில்லை. பின்னணியில் எழுதும் ஒரு பேக்கப் 32 இடங்களையும் நிரப்பிவிட்டால், அதன் பிறகு வரும் அவசரப் படிப்பு எந்தச் செட்யூலர் முன்னே தள்ளினாலும் டிஸ்கின் வாசலில்தான் நிற்கும். கெர்னல் ஒரு வரிசை போட, டிஸ்க் அதைக் கலைத்து வேறு வரிசை போடும் இந்த மோதல் 2010 வாக்கிலேயே ஆய்வுக் கட்டுரைகளில் அலசப்பட்டது. பேஸ்புக்கில் உருவாகி 2017இல் லினக்ஸ் 4.12இல் சேர்ந்த கைபர் செட்யூலர் அதற்கு ஒரு பதில். படிப்புக்கு 2 மில்லி வினாடி, எழுத்துக்கு 10 மில்லி வினாடி என்று இலக்கு வைத்துக்கொண்டு, இலக்கு தவறினால் உள்ளே விடும் எண்ணிக்கையைக் குறைக்கும். டிஸ்க் எவ்வளவு தாங்கும் என்பதோடு எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் கேட்கும் செட்யூலர் அது.

ஒரு வரிசையிலிருந்து பல வரிசைக்கு

எஸ்எஸ்டி வந்ததும் ஆழத்தின் பொருளே மாறியது. இங்கே தலையும் இல்லை, சுழற்சியும் இல்லை, அடுக்கிக்கொள்ள ஒன்றுமில்லை. பல சேனல்களில் தொங்கும் நாண்ட் சிப்புகளை ஒரே நேரத்தில் வேலை வாங்குவதற்கு மட்டும்தான் ஆழம் தேவை. சாட்டா டிஸ்குகளுக்கான ஏஎச்சிஐ கன்ட்ரோலரின் ஒரு போர்ட்டுக்கு ஒரே வரிசை, 32 இடம். அதைக் காக்க ஒரு பூட்டு. பதினாறு கோர்கள் அந்தப் பூட்டுக்காக மோதிக்கொண்டால் ஆழம் எவ்வளவு இருந்து என்ன பயன்? பியோர்லிங், ஆக்ஸ்போ, நெல்லன்ஸ், பொன்னே ஆகியோர் 2013இல் லினக்ஸின் ஒற்றை வரிசைதான் தடை என்று அளந்து காட்டி, கோருக்கு ஒரு வரிசை என்ற பல வரிசை அமைப்பை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அது 3.13 பதிப்பில் சேர்ந்தது. 2019இல், 5.0 பதிப்பில், பழைய பாதையே நீக்கப்பட்டது.

எஸ்எஸ்டிகளுக்காக 2011இல் வந்த என்விஎம்இ தரம் 65,535 வரிசைகளையும் ஒவ்வொன்றிலும் 65,536 இடங்களையும் அனுமதிக்கிறது. இந்த எண்களைக் காட்டி வியக்கவைப்பது விற்பனையாளர் வேலை. லினக்ஸ் டிரைவர் இயல்பாக வைப்பது வரிசைக்கு 1,024தான், அதுவும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். உண்மையான லாபம் வேறிடத்தில். டிரைவர் 64 பைட் கட்டளையை நினைவகத்தில் எழுதி, டோர்பெல் பதிவேட்டில் ஒரே முறை எழுதினால் போதும். பத்துக் கட்டளைகளைச் சேர்த்து எழுதிவிட்டு ஒருமுறை மணியடிக்கலாம். 16 பைட் பதில் நினைவகத்துக்கே வந்து சேரும். அதிலுள்ள ஒரு பிட் புரண்டிருக்கிறதா என்று பார்த்தே பதில் வந்ததைத் தெரிந்துகொள்ளலாம், மெதுவான பதிவேட்டுப் படிப்பு தேவையில்லை. ஆழம் கூடும்போது மணியும் இன்டரப்டும் பல கட்டளைகளுக்குப் பங்காகின்றன. ஆழம் 1இல் பங்கிட யாருமில்லை. ஒவ்வொரு கட்டளையும் முழு இன்டரப்டின் செலவையும் தானே சுமக்கும். பதில்களைச் சேர்த்து வைத்து ஒரே இன்டரப்டாகக் கொடுக்கும்படி அமைத்தால் 128 ஆழத்தில் சிபியூ மிச்சமாகும்; அதே அமைப்பு 1 ஆழத்தில் வராத கூட்டத்துக்காகக் காத்திருந்து தாமதத்தைக் கூட்டும்.

இன்டெல்லின் ஆப்டேன் பி4800எக்ஸ் 2017இல் வெறும் 16 ஆழத்தில் 5,50,000 படிப்புகள் என்று அறிவிக்கப்பட்டது. கணக்குப் போட்டால் கட்டளைக்கு 29 மைக்ரோ வினாடி. சாம்சங் 128 நிலுவையில் எட்டியதை இது 16இல் தாண்டியது. சாதனத்தின் சொந்தத் தாமதம் குறைவாக இருந்தால் ஆழமும் குறைவாகப் போதும். ஆழம் அதிகம் கேட்கும் சாதனம் உயர்ந்த சாதனம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கிளவுடிலும் கணக்கு மாறவில்லை. அமேசானின் இபிஎஸ் எஸ்எஸ்டி வால்யூம்களுக்கு, ஒதுக்கிய ஒவ்வொரு 1,000 படிப்பு எழுத்துக்கும் வரிசையில் ஒன்று என்று அவர்களின் கையேடு பரிந்துரைக்கிறது. கட்டளைக்கு ஒரு மில்லி வினாடி என்று மறைமுகமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நம் சாதனத்துக்கான எண்ணை எஃப்ஐஓ கருவியைக் கொண்டு அரை மணியில் கண்டுபிடிக்கலாம்: ஆழத்தை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், மொத்த வேகம் நின்று தாமதம் மட்டும் இரட்டிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரித் தாமதத்தை மட்டும் பார்க்காமல் 99ஆவது சதமானத்தையும் பார்ப்பது நல்லது; அது முன்னதாகவே ஏறத் தொடங்கும்.

ஆனால் அந்த ஆழத்தை நிரப்ப ஆள் வேண்டும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் 17ஆவது பதிப்புவரை ஒரு படிப்பைக் கேட்டு, அது வந்த பிறகே நகர்ந்தது. கெர்னலிடம் முன்கூட்டிச் சொல்லி வைப்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த வழி. 2025இல் வந்த 18ஆவது பதிப்பில்தான் பல படிப்புகளை ஒரே நேரத்தில் நிலுவையில் வைக்கும் ஒத்திசையா முறை வந்தது. ஒரே நேரத்தில் கேட்கும் எண்ணிக்கையின் இயல்பு மதிப்பும் 1இலிருந்து 16ஆனது. பரிவர்த்தனைப் பதிவு எழுதும் வேலை மட்டும் பழையபடியே ஒன்று எழுது, ஃப்ளஷ் செய், பதில் வரும்வரை நில் என்று ஓடுகிறது. பல பரிவர்த்தனைகளைச் சேர்த்து ஒரே ஃப்ளஷில் முடிப்பதால் வேகம் கூடும், கேஷுக்குப் பேட்டரியோ கெப்பாசிட்டரோ உள்ள சாதனம் வாங்கினால் கூடும். டிரைவரின் கியூ டெப்த்தை 32இலிருந்து 1,024 ஆக்கினால் அங்கே ஒரு மைக்ரோ வினாடியும் குறையாது.